உங்களுக்குத் தெரியுமா? மழுங்கிய ரம்பமே அதிக ஆபத்து!

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அவற்றை அகற்றக் கைகொடுத்தது மரம் அறுக்கும் சங்கிலி ரம்ப மெஷின்தான். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் அதற்கு இரண்டு எதிரிகள்: இரும்பை அரிக்கும் உப்புக்காற்று, விழுந்த மரத்தின் பட்டையில் அப்பியிருக்கும் மணல். மணல் பட்டால் சங்கிலியின் பல் சட்டென்று மழுங்கிவிடும். கூரான பல் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும்; மாவு போல் தூள் கொட்டினால் பல் போய்விட்டது என்று பொருள். கூரான பல்தானே கையை வெட்டும் என்று கேட்கலாம். வேகமாக ஓடும் சங்கிலி மழுங்கியிருந்தாலும் சதையைக் கிழித்துவிடும். அதோடு, மழுங்கிய பல்லுக்கு ஆள் பலம் கொடுத்து அழுத்த வேண்டும். அழுத்தும் கை சோரும், பிடி நழுவும். சங்கிலி ஓடும் தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் முட்டினால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். சோர்ந்த கையால் அதை அடக்க முடியாது.

புயல் அவசரத்தில் அரம் பிடிக்க ஏது நேரம் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் மழுங்கிய சங்கிலி ஒவ்வொரு வெட்டையும் இழுத்தடிக்கும். அரத்துக்குச் செலவிட்ட நேரம் கூரான சங்கிலியின் வேகத்திலேயே திரும்பிவிடும். எஞ்சினை நிறுத்தி, கையுறை போட்டு, உருண்டை அரத்தால் எல்லாப் பற்களையும் ஒரே அளவில் தீட்டுங்கள். பல் கூராக இருந்தாலும், வேரோடு சாய்ந்த மரத்தை அறுக்கும்போது வேர்ப்பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள்: பாரம் குறைந்ததும் அடிமரம் திடீரென நிமிர்ந்து, வேர்க்கட்டு பள்ளத்துக்குள் சரியும்.