ரவிக்கையில் ஏறிய கோபுரம்



கலியாண ரவிக்கையில் கோபுரம், யாழி, அன்னம், தூண் வளைவு என்று ஊசியால் சித்திரம் போடும் 'ஆரி ஒர்க்' இன்று வீட்டுப் பெண்கள் பலருக்கு வருமானம் தரும் தொழில். நம் ஊரில் 11 நிலை, 217 அடி உயர ராஜகோபுரம் கண்ணெதிரே நிற்கிறது, மாதிரிக்குப் பஞ்சமில்லை. தேரில் தொங்கும் தொம்பையில் வண்ணத் துணிகளை வெட்டி வைத்துத் தைத்த உருவங்களையும் நாம் பார்த்தே வளர்ந்தோம்.

உலகச் சந்தையிலும் இந்தக் கைவேலைக்கு மதிப்பு உண்டு. 2023 மார்ச்சில் பிரான்சின் டியோர் நிறுவனம் மும்பை 'கேட்வே ஆஃப் இந்தியா' முன்பு ஆடைக் காட்சி நடத்தியது. அதற்காக மாபெரும் தோரணம் ஒன்றை மும்பை சாணக்யா கைத்தொழில் பள்ளியினர் ஊசி வேலையில் செய்து கொடுத்தனர்.

ஆரி என்பது நுனியில் கொக்கி உள்ள ஊசி. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சி இனத்தாரிடமிருந்து துணிக்கு வந்தது. துணியைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, கீழே ஒரு கையால் நூலைக் கொடுத்து, மேலிருந்து ஊசியால் இழுத்தால் சங்கிலித் தையல் விழும். கடைசி முடிச்சு சரியில்லை என்றால் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். கைவேலையின் அடிப்புறத்தில் அதே நூல் கோடாக ஓடும். கம்ப்யூட்டர் மெஷின் வேலையில் பெரும்பாலும் பாபின் நூல் தனியே தெரியும்.

மளிகையோடு நூல், மணி, சமிக்கி விற்கும் நம்மவர்களுக்கு இதில் பொறுப்பு உண்டு. சாயம் போகும் நூலை விற்றால், பல நாள் உட்கார்ந்து போட்ட வேலை ஒரே நனைப்பில் பாழாகும். கூலி போவது அந்தப் பெண்ணுக்கு. பெயர் போவது நமக்கு. ஆகவே:

1. புதுச் சரக்கு வந்ததும் நூலை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள்.

2. ஒரே நிறமானாலும் சாயத் தொகுதி மாறினால் சாயல் மாறும். தொகுதிகளைக் கலக்காமல் தனித்தனியே வையுங்கள். ஒரு ரவிக்கைக்கு வேண்டிய நூலை ஒரே தொகுதியிலிருந்து கொடுங்கள்.

3. செம்புக் கம்பி ஜரிகையா, பிளாஸ்டிக் ஜரிகையா என்பதைச் சொல்லி விற்று, பில்லிலும் எழுதுங்கள்.

4. தைத்த ரவிக்கையும் விற்பவர்கள், மெஷின் வேலையை மெஷின் வேலை என்றே சொல்லுங்கள். அதற்கும் வாங்குவோர் உண்டு. கைவேலை என்று சொல்லி விற்றால், உண்மையில் கையால் செய்தவளின் விலையை நாமே குறைத்தவர்கள் ஆவோம்.