கித்தாரில் ஒரு நாட்டுப்புறப் பாடல்: ‘ஸ்கார்பரோ ஃபேர்’ பயிற்சிவழி ஒரு நோக்கு

நாட்டுப்புறப் பாடல் வாய்மொழியாகப் பிறந்து வாய்மொழியாகவே வளர்வது என்பது நம் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் செய்தியாகும். ஆயின், அத்தகைய பாடலொன்றை இசைக்கருவியில் பயில முற்படும்போது அவ்வாய்மொழித் தன்மைக்கு என்ன நேர்கிறது என்பது அரிதாகவே பேசப்படுகிறது. இக்கட்டுரை ‘ஸ்கார்பரோ ஃபேர்’ என்னும் ஆங்கில நாட்டுப்புறப் பாடலைக் கித்தாரில் விரல்மீட்டு முறையில் பயிலும் வழியை விளக்க முற்படுகிறது. இப்பாடலைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. வாயிலிருந்து ஏட்டிற்கும், ஏட்டிலிருந்து இசைத்தட்டிற்கும் அது சென்ற வழி பெரிதும் தெரிந்த ஒன்றாக உள்ளது. மற்றொரு காரணம், அதன் மெட்டில் வரும் ஒரே ஒரு சுரம். கித்தார் பயில்வோர் தம்மையறியாமல் தொலைத்துவிடக்கூடிய சுரம் அது.

விரல்மீட்டு முறை என்பது, ‘பிக்’ எனப்படும் சிறு தகட்டால் தந்திகளை ஒருசேர வருடாமல், வலக்கை விரல்கள் தனித்தனியே தந்திகளை மீட்டுவதாகும். கட்டைவிரல் தடித்த மூன்று தந்திகளில் கீழ்ச்சுரங்களை ஒலிக்கும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியன மெல்லிய மூன்று தந்திகளைக் கவனித்துக்கொள்ளும். பாட்டும் பக்க இசையும் ஒருவர் கையிலேயே அமைந்துவிடுகின்றன. கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதிக்கப்பட்டுள்ள உலோகக் கம்பிகளை ‘ஃபிரெட்’ என்பர். வீணையில் இதற்கு ‘மெட்டு’ என்றே பெயர். பாட்டின் மெட்டோடு குழப்பம் நேராதிருக்க, இங்கு ஃபிரெட் என்றே குறிக்கப்படுகிறது.

ஸ்கார்பரோ, இங்கிலாந்தின் வடகிழக்கே யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள ஊர். மன்னர் மூன்றாம் ஹென்றி 1253இல் அளித்த பட்டயத்தின்படி அங்குப் பெருஞ்சந்தை கூடிவந்தது. எனினும் பாடலின் பொருள் சந்தையன்று. பிரிந்துபோன காதலிக்கு ஒருவன் சொல்லி அனுப்பும் செய்தியே பாடலாகிறது. தையலும் ஊசிவேலையும் இல்லாத சட்டை, கடலுக்கும் கரைக்கும் இடையே ஓர் ஏக்கர் நிலம் என இயலாச் செயல்கள் அதில் அடுக்கப்படுகின்றன. இக்கூறு 17ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் ஒன்றிலேயே காணப்படுகிறது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாடல்களின் தொகுப்பில் அதற்கு இரண்டாம் எண் தரப்பட்டுள்ளது. சைல்டின் பெரும்பணி அடிப்படையில் சொற்களைத் தொகுத்த பணியே. மெட்டுகளுக்கு அதில் இடம் மிகக் குறைவு. நம்மவர் தொகுப்புகளைப் பயன்படுத்தியோர்க்கு இக்குறை புதிதன்று.

இன்று உலகறிந்த மெட்டு, மிடில்டன்-இன்-டீஸ்டேல் என்னும் ஊரில் ஓய்வுபெற்ற ஈயச் சுரங்கத் தொழிலாளியான மார்க் ஆண்டர்சன் பாட, 1947இல் ஈவன் மெக்கால் கேட்டுப் பதிந்ததாகும். மெக்காலும் பெக்கி சீகரும் 1960இல் வெளியிட்ட ‘தி சிங்கிங் ஐலண்ட்’ என்னும் நூலில் அது இடம்பெற்றது. அந்நூல்வழிக் கற்ற மார்ட்டின் கார்த்தி, பாடலைக் கித்தாருக்கு ஏற்ப அமைத்து 1965இல் தம் முதல் இசைத்தட்டில் பாடினார். இலண்டனில் அவரிடமிருந்து கற்றவர் பால் சைமன். சைமனும் கார்ஃபங்கலும் 1966இல் வெளியிட்ட இசைத்தட்டும், 1967இல் வந்த ‘தி கிராஜுவேட்’ திரைப்படமும் பாடலை உலகெங்கும் கொண்டுசென்றன. அவ்விசைத்தட்டில் கார்த்தியின் பெயர் குறிக்கப்படவில்லை. இதனால் எழுந்த மனக்கசப்பு நெடுங்காலம் நீடித்தது. 2000இல் இலண்டன் மேடையொன்றில் சைமன் அழைக்க, இருவரும் சேர்ந்து அப்பாடலைப் பாடினர். ஆண்டர்சனுக்கு அப்படியொரு மேடை வாய்க்கவில்லை.

இனி, மெட்டைப் பார்ப்போம். மேலையிசையார் இதனை ‘டோரியன்’ என்னும் சுர வரிசையில் அடக்குவர். அவ்வரிசையின் ஏழு சுரத்தானங்களும் நம் கரகரப்பிரியாவின் சுரத்தானங்களே: சதுசுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுசுருதி தைவதம், கைசிகி நிஷாதம். ‘இரு மலர்கள்’ திரைப்படத்தின் ‘மாதவிப் பொன்மயிலாள்’ பாடலை முணுமுணுக்கத் தெரிந்தவர்க்கு இவ்வரிசை அயலானதன்று. (சுரத்தானம் ஒன்றாவதால் இராகம் ஒன்றாகிவிடாது. கமகமும் சஞ்சாரமும் இன்றி இராகமில்லை.) சதுசுருதி தைவதத்தைச் சற்றே இறக்கிச் சுத்த தைவதமாக்கினால் கரகரப்பிரியா நடபைரவியாகிவிடும். அதுவே மேலையிசையின் இயற்கை மைனர். ஆக, இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது தைவதம் ஒன்றே.

இப்பாடலின் நான்கடி மெட்டில் அந்தத் தைவதம் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. மூலிகைகளை அடுக்கிச் சொல்லும் இரண்டாம் அடியின் பிற்பகுதியே அவ்விடம். மற்ற மூன்று அடிகளை மட்டும் கேட்டால் மெட்டு கரகரப்பிரியாவா நடபைரவியா என்று உறுதிசெய்ய இயலாது. அந்த ஓரிடத்தில் பாட்டின் முகமே மாறிவிடுகிறது. துயரம் மேலும் கனக்க வேண்டிய நேரத்தில் ஒரு சிறு வெளிச்சம் விழுவதுபோல் அது ஒலிக்கிறது.

கித்தாரில் இச்சுரம் தொலைவது எவ்வாறு? பாடலை ஏ மைனர் கார்டை அடிப்படையாகக் கொண்டு வாசிப்பதாகக் கொள்வோம். கார்டு என்பது பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் சுரக்கூட்டு. இங்கு ‘ஏ’ என்பதே நம் சட்ஜம். எனவே முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் பஞ்சமம். மூன்றாம் ஃபிரெட்டில் நிஷாதம். ஐந்தில் மேல் சட்ஜம். நாம் தேடும் தைவதம் இரண்டாம் ஃபிரெட்டில் உள்ளது. முதல் ஃபிரெட்டில் இருப்பது சுத்த தைவதம். திரைப்பாடல்களும் மேலை மெல்லிசையும் பழகிய கைக்கு ஏ மைனரை அடுத்து எஃப் மேஜர் கார்டு தானாகவே வந்துவிடும். அதில் சுட்டுவிரல் முதல் ஃபிரெட்டில் அழுந்தும். இப்பாட்டு வேண்டுவதோ டி மேஜர் கார்டு. மத்திமம், சதுசுருதி தைவதம், சட்ஜம் ஆகிய மூன்றும் கூடியது அது. இப்பிழையை இக்கட்டுரையாளரும் பல வாரங்கள் செய்ததுண்டு. ஆறு கோடுகளில் எண்கள் இட்டுக் காட்டும் ‘டேப்ளேச்சர்’ தாளில் எண் சரியாகத்தான் இருந்தது. விரல்தான் பழகிய இடத்திற்குப் போயிற்று. காது அதனைக் கண்டிக்கவில்லை. காரணம், பாடலை வாயால் பாடிப் பழகாமலே கை வாசிக்கத் தொடங்கியிருந்தது.

எனவே பயிற்சி கையில் தொடங்குதல் கூடாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆண்டர்சன் எவ்வகைப் பக்க இசையும் இன்றிப் பாடியவர். கார்டு என்பது பாடலுக்குப் பின்னர் வந்து சேர்ந்த அணி. முதலில் கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியையும் ஆறாம் தந்தியையும் திறந்தபடியே மாறி மாறி மீட்டுக. ஐந்தாவது சட்ஜம், ஆறாவது அதற்குக் கீழுள்ள பஞ்சமம். தம்புராவின் வேலையை இவ்விரு தந்திகளும் செய்துவிடும். அச்சுருதியில் பாடலைப் பலமுறை பாடித் தைவதம் காதில் நிலைபெற்ற பின்னரே இடக்கைக்கு வேலை தரவேண்டும்.

அடுத்து, தாளம் மும்மூன்று எண்ணிக்கையாகச் செல்லும். முதல் எண்ணிக்கையில் கட்டைவிரல் விழ, எஞ்சிய விரல்கள் இடைவெளிகளை நிரப்பும். தொடக்கநிலையில் பெரும்பாலார்க்கு நேரும் தொல்லை, இடைத்தந்திகளின் ஓசையில் மெட்டு மூழ்கிப்போவது. எல்லா விரல்களும் ஒரே வலிமையுடன் மீட்டுவதே காரணம். இடைச்சுரங்களை அறவே விட்டுவிட்டு, கட்டைவிரலின் கீழ்ச்சுரமும் மோதிரவிரலின் மெட்டும் மட்டுமாக ஓரிரு வாரம் வாசித்தால் இது சீர்படும். பின்னர்ச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெதுவாகச் சேர்க்கலாம். சுருதியை உயர்த்த, கழுத்தில் மாட்டும் ‘கேப்போ’ என்னும் கவ்வி உதவும். சைமன் அதனை ஏழாம் ஃபிரெட்டில் மாட்டி ஏ மைனர் வடிவிலேயே வாசித்தார். ஒலிப்பது ஈ மைனர், அதாவது நம் கணக்கில் 3 கட்டை. பாடுவோர் குரலுக்கு ஏற்ப இதனை மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

நாட்டுப்புறப் பாடகர் ஒரு கண்ணியைப் பாடியது போலவே அடுத்த கண்ணியைப் பாடுவதில்லை. சொல்லின் அசை கூடினால் சுரமும் கூடும். அச்சிட்ட தாளோ ஒரு கண்ணியை மட்டுமே காட்டி, பிறவற்றையும் அவ்வாறே வாசிக்கச் செய்கிறது. நம் பாடநூல்களின் நிலை இதற்கு நேர்மாறானது. தாலாட்டும் ஏற்றப்பாட்டும் அங்கே சொற்களாக உள்ளன, மெட்டுக்கு வழியில்லை.

அண்மையில் ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றில் ஒரே தாலாட்டின் சொற்களை ஐவரிடம் கொடுத்துப் பாடச் சொல்ல நேர்ந்தது. மூவர் திரைப்பாடல் மெட்டில் பாடினர். ஒருவர் செய்யுளாக வாசித்தார். ஒருவர் மட்டும் தம் பாட்டி தோட்டத்து வீட்டில் பாடிய மெட்டில் பாடினார். அதனைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, பாட்டியின் பெயரையும் ஊரையும் முதலில் எழுதினோம். பின்னர்க் கித்தாரில் கார்டு எதுவும் பிடிக்காமல் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் மீட்ட, அவர் மறுபடி பாடினார். தைவதம் எங்கே நிற்கிறது என்று அறிய மூன்றுமுறை கேட்கவேண்டியிருந்தது.