ராஜினாமா செய்தால் 2 நாளில் கடைசிச் சம்பளம்: கம்பெனிகள் தயாரா?

நோட்டீஸ் பீரியட் முடிந்துவிட்டது. லேப்டாப், ஐ.டி. கார்டு எல்லாம் ஒப்படைத்தாயிற்று. கேக் வெட்டி குரூப் போட்டோவும் எடுத்தாயிற்று. ஆனால் கடைசி மாதச் சம்பளம்? ஹெச்.ஆரிடம் கேட்டால், “செட்டில்மென்ட் ப்ராசஸ்ல இருக்கு, 45 நாள் ஆகும்” என்று பதில் வரும். வேலை மாறிய பலருக்கும் பழகிப்போன வசனம் இது. இடைப்பட்ட காலத்தில் வீட்டு வாடகையும் இ.எம்.ஐ.யும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அந்த 45 நாள் கணக்குக்குச் சட்டத்தில் இப்போது இடமில்லை. 29 மத்திய தொழிலாளர் சட்டங்களை ஒன்றிணைத்து உருவாக்கப்பட்ட 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பு, ஊழியர் தானாக விலகினாலும், நீக்கப்பட்டாலும், ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டாலும், நிறுவனமே மூடப்பட்டாலும், அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது.

முன்பும் இப்படி ஒரு விதி இருந்ததே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் 1936-ம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் அந்த 2 நாள் கெடு, கம்பெனி ஒருவரை அனுப்பும்போது மட்டும்தான். தானாக ராஜினாமா செய்தவருக்கு அது பொருந்தவில்லை. மேலும் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. புதிய தொகுப்பில் இந்த இரண்டு வேலிகளும் இல்லை. மேனேஜராக இருந்தாலும் 2 நாள்தான்.

எல்லாப் பணமும் 2 நாளில் வந்துவிடுமா?

இல்லை. இங்கேதான் பலருக்கும் குழப்பம். 2 நாள் கெடு ஊதியத்துக்கு மட்டும். கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடைக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பி.எஃப். பணம் கம்பெனியின் கையில் இருப்பதே இல்லை. அது வேறு கணக்கு, வேறு வழி. இந்தக் கெடுவை மாற்றி அமைக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவும் சட்டத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்கு அந்த அரசு என்பது மாநில அரசு. ஆகவே மாநில விதிகளின் மீதும் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

நிறுவனங்களின் பக்கமும் பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் பேரோல் மாதத்துக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. விலகுபவரின் ‘நோ டியூஸ்’ படிவத்தில் ஐ.டி. டீம், அட்மின், அக்கவுண்ட்ஸ், டீம் லீட் என்று ஆளாளுக்குக் கையெழுத்து போட்டு முடிக்கவே 2 வாரம் ஓடிவிடும். 15 பேர் வேலை பார்க்கும் கோவை ஒர்க்‌ஷாப்பிலோ சென்னை ஸ்டார்ட்-அப்பிலோ கணக்குப் பார்ப்பவர் வாரத்தில் 2 நாள் வருகிற ஆடிட்டர் ஆபீஸ் ஆளாக இருப்பார். இவர்கள் எல்லோரும் இனி கடைசி நாளுக்குப் பிறகு ஆரம்பிக்கிற வேலையை நோட்டீஸ் பீரியடுக்குள்ளேயே முடித்தாக வேண்டும். செய்ய முடியாத காரியம் அல்ல. ஆனால் பழக்கம் மாற வேண்டும்.

“லேப்டாப் சார்ஜரைக் காணோம், அதனால் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்” என்பதும் எடுபடாது. ஊழியரின் பொறுப்பில் கொடுத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் தொலைந்தால், அதற்கான இழப்பைப் பிடிக்கலாம்தான். ஆனால் அதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பு தர வேண்டும். எல்லாப் பிடித்தங்களையும் சேர்த்தாலும் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

‘ஊதியம்’ என்றால் எது?

புதிய சட்டத்தில் கம்பெனிகளை அதிகம் யோசிக்க வைத்திருப்பது இந்த ஒரு சொல்லின் வரையறைதான். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டிவிட்டு, மீதியை வீட்டு வாடகைப் படி, பயணப் படி என்று பிரித்துப் போடுவது நம் ஊர் சம்பள ஸ்லிப்பின் பழைய தந்திரம். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், அது சின்னதாக இருந்தால் கம்பெனிக்குச் செலவு குறைவு.

இப்போது, வரையறைக்கு வெளியே நிற்கும் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும். எளிமைக்காக ஓர் உதாரணம்: மாதம் 60,000 ரூபாய் சம்பளம். இதில் அடிப்படை 18,000. மீதி 42,000-மும் வாடகை, பயணம், வேலை தொடர்பான செலவு என விலக்கு பெற்ற படிகள். பாதி என்பது 30,000. படிகள் அதைவிட 12,000 அதிகம். அந்த 12,000 அடிப்படையோடு சேர, சட்டத்தின் கண்ணில் ஊதியம் 30,000 ஆகிவிடும்.

5 ஆண்டுகள் வேலை பார்த்து இவர் விலகினால் என்ன ஆகும்? கிராஜுவிட்டி கணக்கு இப்படித்தான்: கடைசி ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 18,000-த்தை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 51,900 ரூபாய். 30,000-த்தை வைத்தால் சுமார் 86,500. ஒருவருக்கே சுமார் 34,600 ரூபாய் வித்தியாசம். கடைசி ஊதியத்தை மொத்தப் பணிக்காலத்தோடும் பெருக்குவதால், பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கம்பெனிகள் பணம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபர் - டிசம்பர் காலாண்டுக் கணக்கில் புதிய சட்டங்களின் தாக்கமாக டி.சி.எஸ். 2,128 கோடி ரூபாயையும், இன்ஃபோசிஸ் 1,289 கோடி ரூபாயையும் காட்டியதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்ற பெயரில் பெரிய தொகை போடும் நிறுவனங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விலக்குப் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது.

கைக்கு வரும் சம்பளம் குறையுமா?

வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றும் பயம் இது. பி.எஃப். கட்டாயப் பிடித்தத்துக்கான ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். அதற்கு 12 சதவீதம் என்றால் 1,800. உங்கள் ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்தம் 1,800 என்று இருந்தால், வரையறை மாறியதால் மட்டும் அது கூடாது. முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிக்கும் கம்பெனிகளில்தான் கேள்வி எழும். அங்கும் உச்சவரம்புக்கு மேல் கட்டுவது கட்டாயம் அல்ல. என்ன முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம்.

இன்னொரு வதந்தி, “இனி எல்லோருக்கும் ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி” என்பது. அது குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு நேரடியாக எடுக்கப்படும் ஊழியர்களுக்கு மட்டும். நிரந்தர ஊழியருக்கு அதே 5 ஆண்டுதான். ஒப்பந்தத்தை வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டே போன முதலாளிகளுக்கு இது புதுச் செலவு. அந்த ஊழியர்களுக்கோ இதுவரை எட்டாத பணம்.

ஓவர்டைம் விஷயத்தில் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு பழைய ஞாபகம் வரலாம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. புதிய மத்தியத் தொகுப்பில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் என்பதே அடிப்படை. அதற்கு மேல் வேலை வாங்க ஊழியரின் சம்மதம் வேண்டும், இரட்டிப்புச் சம்பளமும் தர வேண்டும். ஆனால் இது ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் வர மாட்டார்கள். விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று அச்சடித்துவிட்டால் போதும் என்று நினைக்கும் கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை: இதுபோன்ற வழக்குகளில் நீதிமன்றங்கள் பதவிப் பெயரைவிட, அவர் அன்றாடம் செய்யும் வேலையைத்தான் பார்த்துவந்திருக்கின்றன.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் எல்லோருக்கும் நியமனக் கடிதமும் கட்டாயமாகியிருக்கிறது. பல வருடமாகக் கடிதமே இல்லாமல் வேலை பார்ப்பவர்களுக்கும், சட்டம் தொடங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும்.

பணம் வரவில்லை என்றால்?

சேர வேண்டியதைவிடக் குறைவாகக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். 5 ஆண்டுகளுக்குள் மறுபடியும் அதே தவறு நடந்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊழியர் தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு 3 ஆண்டுகள் வரை மனு கொடுக்கலாம். பாக்கித் தொகையோடு, அதைப் போல 10 மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் விசாரிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பணம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. ஆனாலும் ராஜினாமா மெயில், அதை ஏற்றுக்கொண்ட பதில், கடைசி 3 மாத ஸ்லிப் ஆகியவற்றை, ஆபீஸ் மெயில் ஐ.டி. முடக்கப்படுவதற்கு முன்பே சொந்த மெயிலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.