நியூரம்பர்க் புனல்

ஆற்றுப் புனல் இல்லை. பாட்டிலுக்குள் எண்ணெய் ஊற்றுகிற புனல். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 1647-இல் ஹார்ஸ்டோர்ஃபர் என்ற கவிஞர் 'கவிதைப் புனல்' என்றொரு நூலை வெளியிட்டார். ஜெர்மன் கவிதைக் கலையை ஆறே மணி நேரத்தில் உள்ளே ஊற்றிவிடுவதாகத் தலைப்பிலேயே உறுதிமொழி. (யாப்பருங்கலக்காரிகையோடு மல்லுக்கட்டியவர்கள் பொறாமைப்படலாம்.) மாணவன் மண்டையில் புனலைச் செருகி அறிவை ஊற்றுவது போன்ற கேலிச்சித்திரங்கள் அந்த ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

அலுவலகங்களில் தரப்படும் இணையவழிப் பயிற்சிகள் பலவும் இந்தப் புனல்தான். திரைக்குப் பின் திரை. எழுதியிருப்பதையே ஒரு குரல் வாசிக்கும். அது முடியும்வரை 'அடுத்து' பொத்தான் அசையாது. கடைசியில் பத்துக் கேள்வி, ஒரு சான்றிதழ். படத்தோடு குரல் விளக்கம் ஓடும்போது அதே சொற்களை எழுத்திலும் காட்டினால் கற்பது குறைகிறது என்று ரிச்சர்ட் மேயர் போன்ற உளவியலாளர்கள் எப்போதோ சோதித்துக் காட்டிவிட்டார்கள். யார் கேட்கிறார்கள்?

1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜான் கேரலும் அவர் கூட்டாளிகளும், அலுவலக ஊழியர்கள் சொற்செயலி பழகுவதை அருகிலிருந்து கவனித்தார்கள். கையேடு படிப்படியாக, ஒழுங்காகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் யாரும் அதை வரிசையாகப் படிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு கடிதத்தை அடித்து முடிப்பது. பக்கங்களைத் தாண்டினார்கள், எதையோ அழுத்தினார்கள், மாட்டிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டால் வெளியே வருவது எப்படி என்பதுதான் கையேட்டில் கிடைக்கவில்லை. கேரல் கையேட்டைப் பெருமளவு சுருக்கி, உண்மையான வேலையிலிருந்து தொடங்கினார். தவறிலிருந்து மீளும் வழிகளைச் சேர்த்தார். சிறுவர் சைக்கிளின் பக்கச் சக்கரம் போல, புதியவருக்குத் தேவையில்லாத வசதிகளைப் பூட்டிவைத்த ஒரு பயிற்சி வடிவமும் செய்தார். இரண்டிலும் மக்கள் விரைவாகக் கற்றார்கள். 1990-இல் இதையெல்லாம் தொகுத்து அவர் எழுதிய நூலின் பெயர், 'நியூரம்பர்க் புனல்'!

எங்கள் நிறுவனத்தில் கொள்முதல் பிரிவுக்குப் புதிய மென்பொருள் வந்தபோது பயிற்சி தயாரிக்கும் குழுவில் நானும் இருந்தேன். திரைகளை வரையுமுன் இரண்டு நாள் ஊழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்த ஒரு பெண்மணி கேட்டார்: "பில் தொகையும் ஆர்டர் தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால் நான் என்ன செய்வது?" மென்பொருளோடு வந்த பாடங்களில் அது எங்குமே இல்லை. அதையே எங்கள் முதல் பாடமாக்கினோம். போலித் தகவல்கள் நிரம்பிய ஒரு மாதிரிக் கணக்கு; அதில் ஒத்துப்போகாத ஒரு பில்; முடிவு உங்களுடையது. தவறாக அனுமதித்தால் பணம் போய்விடும், அதைத் திரும்பப் பெறும் வழியும் அங்கேயே. ஐந்து நிமிட வேலை. ஒரு வாரம் கழித்து, விளக்கம் ஏதுமின்றி இன்னொரு பில். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே நாள்பட நிற்கிறது என்று ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் காட்டியதை நம்பிச் செய்தது.

சிக்கல் வேறிடத்திலிருந்து வந்தது. யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று மென்பொருள் குறித்துவைக்கும். மேலாளர் ஒருவர் 'மெதுவானவர்கள்' பட்டியல் கேட்டார். அந்தப் பெண்மணி பெயர்தான் முதலில் வந்திருக்கும். ஒவ்வொரு பில்லையும் மூன்று விதமாகத் தவறு செய்து பார்த்தவர் அவர் ஒருவரே. ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் வேறு. பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா என்று டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-லேயே நான்கு படிகள் சொல்லிவிட்டார். நிமிடக் கணக்கு அவற்றில் ஒன்றுகூட இல்லை என்று வாதாடினோம். இரண்டு கூட்டங்கள் பிடித்தன. இப்போது நிர்வாகத்துக்குப் போகும் அறிக்கையில் நேரம் என்ற கட்டமே கிடையாது. தேங்கி நிற்கும் பில்களின் எண்ணிக்கை மட்டும் மாதாமாதம் போகிறது.