மேசைத் தராசின் பேட்டரியும் சார்ஜரும்

பண்டிகைக்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. கடையில் நல்ல கூட்டம். மேசைத் தராசில் துவரம்பருப்பு ஒரு கிலோ நிறுக்கிறோம், எண் நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. பருப்பை எடுத்த பிறகும் பூஜ்யத்துக்கு வரவில்லை. பல வருட வாடிக்கையான ஓர் அம்மா, "கரண்ட் இல்லாத நேரமாப் பார்த்து நிறுக்கிறீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார். முத்திரையுள்ள தட்டுத் தராசில் நிறுத்துக் காட்டிய பிறகே சமாதானம் ஆனார். அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பழுது பார்ப்பவர் வந்து பார்த்தார். தராசில் கோளாறு இல்லை, பேட்டரிதான் தீர்ந்துவிட்டது என்றார். அது தீர்ந்ததற்குக் காரணம், பழைய அடாப்டர் பழுதானபோது நாம் அவசரத்துக்கு வாங்கி மாட்டிய வேறொன்று.

நம் கடைத் தராசுகளில் பெரும்பாலும் இருப்பது மூடிய ஈய அமில பேட்டரி. 4 வோல்ட் அல்லது 6 வோல்ட். இதில் ஓர் அறை 2 வோல்ட் தரும். ஆகவே 6 வோல்ட் பேட்டரியில் மூன்று அறைகள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 6 வோல்ட் பேட்டரி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 6.4 வோல்ட் காட்டும். கழற்றிய உடனே பார்த்தால் இன்னும் கூடுதலாகக் காட்டி நம்மை ஏமாற்றும். எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் 4 வோல்ட்டைச் சுற்றியே நின்றால் ஓர் அறை போய்விட்டது என்று பொருள். அதற்குமேல் அதற்குச் செலவு செய்வது வீண்.

இந்த பேட்டரிக்குப் பெரிய எதிரி, காலியாகக் கிடப்பதுதான். "முழுதாகத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஈய பேட்டரிக்கு அது நேர்மாறான யோசனை. 6 வோல்ட் பேட்டரி 5.25 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி அப்படியே நாட்கணக்கில் கிடந்தால், உள்ளே தகடுகளில் உப்புப்போல ஒன்று இறுகிப்போகும். பிறகு எவ்வளவு நேரம் போட்டாலும் பழைய சக்தி திரும்பாது. குறைவு அடையாளம் எரிந்ததுமே சார்ஜில் போட வேண்டும். கிடங்கில் உபரியாக வைத்திருக்கும் தராசுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் வேண்டும். சும்மா இருந்தாலும் அது தானே இறங்கும்.

அடுத்த எதிரி சூடு. பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் உள்ள கணக்கு. மேற்கு வெயில் விழும் மேசையிலும் வடை அடுப்புக்குப் பக்கத்திலும் தராசு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

இனி சார்ஜர். பின் பொருந்துகிறது என்பதால் மட்டும் மாட்டிவிடக் கூடாது. பழைய அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஏ.சி.யா டி.சி.யா என்பதும், நடுப்பின் கூட்டலா கழித்தலா என்பதும் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. குறைந்தால் ராத்திரி முழுக்கப் போட்டும் நிரம்பாது. கைபேசி சார்ஜர் தருவது 5 வோல்ட். 6 வோல்ட் பேட்டரியை அதில் நேராகப் போட்டு நிரப்ப முடியாது. எங்கள் பையன் அதையும் முயன்று பார்த்தான்! 4.5 ஆம்பியர் மணி பேட்டரி, அரை ஆம்பியர் சார்ஜரில் காலியிலிருந்து நிரம்பப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

பில் போடும் கைக் கருவியிலும், பணம் வந்ததைச் சொல்லும் பெட்டியிலும் இருப்பது லித்தியம் வகை. அதன் முறையே வேறு. தராசு சார்ஜரை அதற்கோ அதன் சார்ஜரைத் தராசுக்கோ போட வேண்டாம். உப்பிப்போன லித்தியம் பேட்டரியை ஒரு நாள்கூடக் கடையில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

சில சமயம் பேட்டரி மேல் பழி இருக்கும், குற்றம் ஒயரில் இருக்கும். பின் ஓரத்தில் மடிந்து அறுந்த ஒயர், எலி கடித்த ஒயர், துளையில் அடைந்த மாவுத் தூசி, முனைகளில் பூத்த வெள்ளைப் பொடி ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

பேட்டரி மாற்றும்போது ஒரு விஷயம். அடியில் தனி மூடி இருந்தால் நாமே மாற்றலாம். முத்திரைக் கம்பியைத் தொட வேண்டியிருந்தால், உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டு, பிறகு முத்திரை ஆய்வாளரிடம் மறு முத்திரை பெற வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை எப்படியும் உண்டு. அதற்குக் கொஞ்சம் முன்பாக பேட்டரி வேலையை முடித்துக்கொள்வது லாபம்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது என்று 2022ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஈயத்துக்கு விலை உண்டு. புதியது வாங்கும் கடையில் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். புதிய பேட்டரியின் மேல் மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். எங்கள் தராசில் இப்போது எழுதியிருக்கிறோம்.