குடியேறியோரும் ஊர்மொழியும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை

ஓர் ஊரின் சந்தையிலும் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் வழங்கும் மொழியே அவ்வூரின் பொதுமொழி. பிழைப்புக்காக அங்கே வந்து குடியேறியவர் அந்த மொழியைக் கற்றே ஆக வேண்டுமா, அல்லது அரசு அவருடைய மொழியிலும் பணியாற்ற வேண்டுமா என்ற விவாதம் உலகின் பல நாடுகளில் நடந்து வருகிறது. செருமனி, குடியுரிமை கேட்பவர் செருமன் மொழி அறிந்திருக்க வேண்டும் என்கிறது. கனடா 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டையும் ஆட்சிமொழிகளாக்கியது. எனினும் கனடாவில் குடியுரிமை கேட்கும் வயதுவந்தோர் இவ்விரண்டில் ஒன்றையாவது அறிந்திருக்க வேண்டும். ஆகவே இருமொழிக் கொள்கை உள்ள நாட்டில் புதிதாக வருபவர் எதையும் கற்க வேண்டியதில்லை என்று எண்ணுவது தவறு.

இந்தியாவின் நிலை வேறு. இந்திய அரசியலமைப்பு எந்த மொழியையும் தேசிய மொழி என்று குறிப்பிடவில்லை. உறுப்பு 343 இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றே சொல்கிறது. (தேர்வுகளில் மாணவர்கள் இன்றும் தவறவிடும் இடம் இது.) 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி இந்தியக் குடியுரிமை கோரும் வெளிநாட்டவர், எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஏதேனும் ஒன்றைப் போதிய அளவு அறிந்திருந்தால் போதும். அது தமிழாகவும் இருக்கலாம்.

ஆனால் இந்தியாவில் மொழி மாறுவதற்கு நாடு விட்டு நாடு போக வேண்டியதில்லை, மாநில எல்லையைக் கடந்தாலே போதும். கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதன் மேற்கே உள்ள கல்வராயன் மலையும் இதை விளங்கிக்கொள்ள நல்ல இடங்கள். இங்கே வந்து குடியேறியவர்களும் உண்டு, இங்கிருந்து வெளியே போகிறவர்களும் உண்டு.

மலையாளி என்னும் பெயர்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைப்பகுதிக்கு வெள்ளிமலை தலைமையிடம். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டதும் கேரளத்தவர் என்று எண்ணிவிடுவோர் பலர். மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. அவர்கள் பேசுவது தமிழ்.

இம்மக்களும் ஒரு காலத்தில் குடியேறியவர்களே என்கிறது அவர்களுடைய மரபுக்கதை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு மலைகளுக்கு வந்தனர் என்று சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை மக்களிடமும் இதே போன்ற கதை வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுப்பில் இது பதிவாகியுள்ளது. கதை வரலாறாக நிறுவப்படவில்லை. ஆனால் நடந்திருந்தாலும் அந்தக் குடியேற்றத்தில் மொழி மாறவில்லை.

வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ்

மலையடிவாரச் சமவெளியின் கதை வேறு. விசயநகரப் பேரரசு காலத்திலும் அதன்பின் செஞ்சியை ஆண்ட நாயக்கர் காலத்திலும் தெலுங்கு பேசும் படைவீரர், உழவர், கைவினைஞர் எனப் பலர் இப்பகுதிகளுக்கு வந்தனர். செஞ்சி நாயக்கர் ஆட்சி 1649-இல் பீசப்பூர்ப் படையால் முடிவுக்கு வந்தது. வந்த குடும்பங்கள் திரும்பிப் போகவில்லை. அவர்களுடைய வழியினர் பலர் இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகின்றனர். வயலிலும் கடையிலும் பள்ளியிலும் தமிழ் பேசுகின்றனர்.

தமிழ் கற்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சட்டம் போடவில்லை. நெல் விற்கவும் மாடு வாங்கவும் வழக்குப் பேசவும் தமிழ் தேவைப்பட்டது, அதனால் கற்றனர். தலைமுறைக்கணக்கில் ஒரே ஊரில் வாழ்பவர்கள் விடயத்தில் கட்டாயத்துக்குப் பெரிய வேலை இல்லை என்பதற்கு இதுவே சான்று. இதற்கு மறுபக்கமும் உண்டு. இக்குடும்பங்களில் தெலுங்கு பேசத் தெரிந்த பலருக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது. ஆந்திரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் படிக்க ஆள் தேட வேண்டும். பேச்சை வீடு காப்பாற்றும், எழுத்தைப் பள்ளிதான் காப்பாற்ற முடியும்.

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006 வந்தபோது எழுந்த விவாதம் இதைப் பற்றியதே. 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. தாய்மொழி தமிழோ ஆங்கிலமோ அல்லாத மாணவர் தம் மொழியை விருப்பப் பாடமாகப் படிக்கலாம் என்றும் சட்டம் கூறுகிறது. முதல் அணி பத்தாம் வகுப்பை எட்டியபோது மொழிச் சிறுபான்மையினர் பலர் நீதிமன்றத்தை நாடினர். தமிழ்நாட்டில் வாழும் பிள்ளை தமிழ் படிப்பதில் அநீதி ஏதுமில்லை. ஆனால் விருப்பப் பாடம் என்று ஏட்டில் எழுதிவிட்டு, அதற்கு ஆசிரியர் இல்லாமல் விட்டால் அந்த விருப்பத்துக்குப் பொருளில்லை. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று 1956-இல் சேர்க்கப்பட்ட உறுப்பு 350அ மாநிலங்களுக்குச் சொல்கிறது.

மலையிறங்கிப் போவோர்

கல்வராயன் மலையில் மானாவாரி வேளாண்மை ஆண்டு முழுவதும் வேலை தருவதில்லை. அதனால் பல குடும்பங்கள் பருவந்தோறும் கீழே இறங்குகின்றன. குடகின் காப்பித் தோட்டம், கேரளத்தின் மிளகுத் தோட்டம், திருப்பூர், ஆந்திரம் என்று போகுமிடம் மாறும். ஓராண்டு கன்னடம், மறு ஆண்டு மலையாளம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு மொழியை எவரும் முறையாகக் கற்க முடியாது. அந்த மாநில அரசும் நான்கு மாதத்துக்காகத் தமிழில் அலுவலகம் நடத்தாது.

இப்படி இரு தரப்பும் செய்யாத வேலையை மேஸ்திரி செய்கிறார். முன்பணம் கொடுப்பவர், தோட்டக்காரரிடம் பேசுபவர், கணக்கு எழுதுபவர் எல்லாம் அவரே. நேர்மையான மேஸ்திரி என்றால் பிழையில்லை. ஆனால் கூலி எவ்வளவு பேசப்பட்டது, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதை அவர் சொல்லித்தான் தொழிலாளிக்குத் தெரியும். அவர் குறைத்துச் சொன்னால் சரிபார்க்க வழியில்லை. மொழி தெரிந்தவர் கையில் கணக்கும் போய்ச் சேர்கிறது.

இது புதிதன்று. கள்ளக்குறிச்சி அன்று சேர்ந்திருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்தும் சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலிருந்தும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்றவர்களுக்கு இதே இடத்தில் கங்காணி இருந்தார். ஆள் சேர்த்தவரும் அவரே, துரைக்கும் கூலிக்கும் நடுவே மொழியாக நின்றவரும் அவரே. மலாயாவில் கங்காணி முறை ஆள்சேர்ப்பு 1938-இல் நின்றது.

இந்தியச் சட்டம் இதை அறியாமல் இல்லை. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய கைப்புத்தகம் தர வேண்டும் என்றது. வேலையிடம், வேலைக்காலம், கூலி விகிதம், கூலி தரும் முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். இந்தி, ஆங்கிலம் இரண்டிலும், தொழிலாளியின் மொழி வேறாக இருந்தால் அந்த மொழியிலும் எழுத வேண்டும். அதாவது கல்வராயன் மலையிலிருந்து ஒப்பந்தக்காரர் மூலம் குடகுக்குப் போனவர் தம் கூலியைத் தமிழில் படிக்கச் சட்டமே இடம் தந்தது. இச்சட்டம் 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் ஒன்றுக்குள் சேர்க்கப்பட்டது. ஒரு மாநிலமே இருமொழி மாநிலமாக மாறுவது பெரிய காரியம். ஒரு கைப்புத்தகத்தை இருமொழியில் அச்சிடுவது அவ்வளவு பெரியதன்று. விவாதங்களில் முன்னதைப் பற்றியே பேசப்படுகிறது, தொழிலாளிக்கு உதவுவது பின்னது.

கூலியைவிடக் கடுமையான இடம் நீதிமன்றம். செம்மரம் வெட்டிய வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு மலைவாழ் மக்கள் பலர். அங்கே வழக்கு தெலுங்கில் நடக்கும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், அவருக்குப் புரியும் மொழியில் அதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு கூறியது. கூண்டில் நிற்பவரிடம் நீ ஏன் தெலுங்கு கற்கவில்லை என்று கேட்க முடியாது.

இலங்கையில் 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. 1987-இல் 13-ஆவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. அங்குள்ள தமிழர் எல்லாரும் குடியேறியவர் அல்லர். ஆயினும் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழியினரையும் அச்சட்டம் தாக்கியது. படிக்க முடியாத படிவத்தில் கையெழுத்திட நேர்வது எவருக்கும் ஒன்றுதான்.

பள்ளிக்கு வரும் பிள்ளைகள்

இப்போது கள்ளக்குறிச்சிக்கும் வடமாநிலத்தவர் வருகின்றனர். கட்டட வேலை, உணவகம், ஆலை என்று வேலை செய்கின்றனர். குடும்பத்தோடு வருபவர்களின் பிள்ளைகள் தமிழ்வழி அரசுப் பள்ளியில் சேர்கின்றனர். இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஒடியா பேசும் மூன்று பிள்ளைகளுக்கு ஓர் ஒடியா ஆசிரியரை நியமிப்பது இயலாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இயலக்கூடியது வேறு. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் உள்ளன. அங்கிருந்து மலாய் வழி இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவருள் மலாயில் பின்தங்கியவர்களுக்கு, புகுமுக வகுப்பு என ஓராண்டு தரப்படுகிறது. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கக் காலம் வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் சில மாதங்களில் தமிழ் பேசிவிடுகின்றனர். அதைக் கண்டு பாடமும் புரிந்துவிட்டது என்று கொள்வது தவறு. வாசிக்கவும் எழுதவும் ஆண்டுகள் ஆகும்.

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இந்த ஓராண்டும் கிடைப்பதில்லை. குடகில் காப்பி பறிக்கும் காலம் ஏறத்தாழ டிசம்பர் முதல் மார்ச் வரை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆண்டுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களும் அவையே. பெற்றோருடன் போகும் பிள்ளைக்கு அங்கே கன்னடப் பள்ளி புரியாது, திரும்பி வந்தால் இங்கே பாடம் முடிந்திருக்கும். ஆகவே பல பெற்றோர் பிள்ளையை மலையிலுள்ள பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டு, தாம் மட்டும் பேருந்து ஏறுகின்றனர்.