மலேசிய இந்தியரின் உதைபந்தாட்டக் கழகம்: எழுந்ததும் மறைந்ததும்



அண்மையில் ஒரு கூட்டத்திற்காகக் கொழும்பு ஹெவ்லொக் டவுனுக்குப் போயிருந்தோம். வெள்ளவத்தைக் கடைகளில் வேலை பார்க்கும் நம் தோட்டத்துப் பையன்கள் இருவர் எம்மைப் பார்க்க வந்தார்கள். ஹெவ்லொக் பார்க் மைதானத்தின் ஓரமாக நடந்து போகையில், அங்கே ரக்பி விளையாடும் ஹெவ்லொக் விளையாட்டுக் கழகம் 1915ஆம் ஆண்டு தொடங்கியது என்று சொன்னோம். உடனே ஒருவன், "நூறு வருசத்துக்கு மேலேயா ஐயா? நம்ம தோட்டத்துக் கிளப் மூணு வருசம்கூட நிக்கலையே, ஏன்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மலேசியாவில் மறைந்துபோன ஒரு கழகத்தின் கதை உதவும்.

நம் முன்னோர் இங்கே தேயிலைக்கு வந்தது போலவே, தமிழகத்திலிருந்து பல்லாயிரம் பேர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கேயும் கங்காணி, லயம், கோயில், தோட்டப் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. அந்தி நேரத்தில் பந்தடிக்க ஒரு திடலும் இருந்தது. இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் பலர் மலேசிய தேசிய அணி வரை போனார்கள். பந்து காப்பாளர் ஆர். ஆறுமுகத்தை, எட்டிப் பிடிக்கும் திறமைக்காக 'ஸ்பைடர்மேன்' என்றே சனங்கள் அழைத்தார்கள். 1980இல் மொஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற அணியில் அவர் இருந்தார். அந்தப் போட்டியை மலேசியா புறக்கணித்ததால் அணி போகவில்லை. 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால்.

ஆனால் காலம் மாறியது. ரப்பர் தோட்டங்கள் எண்ணெய்ப் பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்தோடு திடலும் போயிற்று. தேசிய அணியில் இந்தியப் பிள்ளைகளைக் காண்பது அரிதாகி வந்தது. அவர்களுக்கு மறுபடியும் வழி திறக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, மலேசிய இந்திய உதைபந்தாட்டச் சங்கத்தின் பெயரில் ஒரு கழகம் களமிறங்கியது. சுருக்கமாக அதை 'மிஃபா' என்றார்கள்.

2017இல் மிஃபா இரண்டாம் பிரிவான பிரீமியர் லீக்கில் விளையாடியது. 2019இல் நாட்டின் முதற் பிரிவான சுப்பர் லீக்கிற்கே வந்துவிட்டது. அப்போது பெயர் 'பெட்டாலிங் ஜெயா சிட்டி' என்று மாறியது. கே. தேவன், பி. மணியம் ஆகியோர் பயிற்றுநர்களாக இருந்தனர். 2021இல் மற்றக் கழகங்கள் வெளிநாட்டு ஆட்டக்காரரை விலைக்கு எடுத்தபோது, இவர்கள் உள்நாட்டுப் பிள்ளைகளை மட்டுமே வைத்து முழுப் பருவத்தையும் ஆடினார்கள். முதற் பிரிவில் இருந்து கீழே இறங்கவும் இல்லை.

அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டின் முடிவில், அடுத்த பருவத்தில் விளையாடப் போவதில்லை என்று அறிவித்துக் கழகம் விலகிவிட்டது. தோற்றுப்போய்ப் போகவில்லை, இதைத்தான் கவனிக்க வேண்டும். ஆட்டக்காரர் சம்பளம், பயணம், தங்குமிடம் என்று பெருஞ்செலவு. கடல் கடந்து சபா மாநிலம் வரை போய் ஆட வேண்டும். செலவின் பெரும்பகுதியைத் தாங்கியது ஒரே வர்த்தகக் குழுமம். பெட்டாலிங் ஜெயா அரங்கில் ஏறத்தாழ 25,000 பேர் உட்காரலாம். ஆனால் அந்தப் பக்கத்துச் சனங்களின் மனதில் இருந்தது பழைய சிலாங்கூர் அணிதான். பணம் கொடுத்தவர்கள் நிறுத்திக்கொண்டபோது தாங்கிப் பிடிக்க வேறு கை இருக்கவில்லை.

நம் தோட்டங்களில் நடப்பதும் சின்ன அளவில் இதுதானே? எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் துரை ஒருவர் பந்தும் ஜேர்சியும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருடம் அமோகமாக ஆடினார்கள். அவர் மாற்றலாகிப் போனார். அடுத்த தீபாவளிக்குப் பந்து இல்லை, கழகமும் இல்லை. அதற்குள் ஓரிருவர் கொழும்புக்கு வேலைக்கும் போய்விட்டார்கள்.

ஆகவே, கழகம் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. உதவி கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் மாதம் ஒரு சிறு சந்தாவையும் விடாமல் சேருங்கள். கணக்கை ஒருவர் கையில் விடாமல் இருவர் பாருங்கள்; பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மைதானத்திற்கு வாய்ப்பேச்சு போதாது, நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரு அணி வையுங்கள். பெண் பிள்ளைகளையும் சேருங்கள். பெரியவர்கள் வேலை தேடி வெளியே போனாலும் பந்தை எடுக்க ஆள் இருக்கும்.

பெற்றோரே, "பந்தடிச்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறீர்கள். கிடைக்காதுதான். ஆனால் மாலையில் மைதானத்தில் நிற்கும் பிள்ளை வேறெங்கே நிற்கவில்லை என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தோட்டத்தில் முன்பு இருந்து மறைந்துபோன கழகத்தின் பெயர், ஆண்டு, அது ஏன் நின்றது என்பவற்றைத் தாத்தா, மாமாமாரிடம் கேட்டு எமக்கு எழுதி அனுப்புங்கள். எம்மைக் கேட்ட அந்தப் பையனும் தன் பழைய கழகத்தின் கதையை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.